நிலமில்லாக் காதல்

காதலுக்கென்றே இலக்கணம் வகுத்த மொழி தமிழ். எழுத்துக்கும் சொல்லுக்கும் பிற மொழியாரும் இலக்கணம் கண்டனர். வாழ்க்கைப் பொருளுக்கும் இலக்கணம் கண்டு, அதனை அகமென்றும் புறமென்றும் பகுத்து, அகத்தை முன்னிறுத்தியவர் தமிழர். அம்மொழியில் இன்று ஓயாது வெளிவந்து குவியும் காதற் புதினங்களைப் படித்து முடிக்கும் ஒருவர், ‘இக்காதல் எந்த ஊரில் நடந்தது?’ என்று கேட்பாராயின் விடை கிடைப்பதரிது. இவ்வொரு கேள்வியே அப்புதினங்களை எடைபோடப் போதுமானது.

இவற்றைப் படிப்போர் யாவர்? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கூடத்தினின்று இரவில் வீடு திரும்பும் பெண்கள். சேலத்து வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்கு மணி கோக்கும் பெண்கள். ஆத்தூரிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் பேருந்தில் கல்லூரிக்குச் சென்று மீளும் மாணவியர். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுத்தபின் அரைமணி நேரம் தமக்கெனக் கிடைக்கப் பெறும் இல்லத்தரசியர். ஒரு காலத்தில் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றிலே தொங்கிய ‘இராணி முத்து’, ‘மாலைமதி’ போன்ற திங்கள் வெளியீடுகளே இவர்தம் கைகளில் இருந்தன. நாள் வாடகைக்கு நூல் கொடுக்கும் சிறு கடைகளில் இரமணிச்சந்திரன் எழுதிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புதினங்கள் அட்டை கிழியுமளவு கைமாறின. இன்று அவ்விடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. 2014ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பெற்ற ‘பிரதிலிபி’ போன்ற செயலிகளில் காதல் தொடர்கதைகள் நாள்தோறும் வந்து குவிகின்றன.

இப்படிப்பாளரை எள்ளி நகையாடுவது கற்றவர் சிலர்க்கு வழக்கமாகிவிட்டது. அது முறையன்று. நாள் முழுதும் தறி ஓசையில் காதடைத்துப் போன ஒரு பெண், படுக்குமுன் பத்துப் பக்கம் தமிழ் படிக்கிறாள் என்பது பழிக்கத்தக்க செய்தியா? பள்ளியோடு படிப்பு நின்றுபோன பல்லாயிரம் பெண்களுக்கு எழுத்துத் தமிழோடு எஞ்சியிருக்கும் ஒரே உறவு இப்புதினங்களே. அவ்வுறவை அறுப்பது தமிழுக்கு நன்மையன்று. அவ்வுறவின் வழியே அவர்க்கு என்ன ஊட்டப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

அண்மையில் வந்தவற்றுள் பத்துப் புதினங்களை வரிசையாகப் படிப்பவர்க்கு முதலில் தோன்றுவது, பத்தும் ஒன்றே என்னும் எண்ணம். கதைத்தலைவன் பெரும் நிறுவனமொன்றின் உரிமையாளன், வெளிநாட்டில் படித்தவன், கடுஞ்சினத்தன். கதைத்தலைவி ஏழை, தாயில்லாதவள் அல்லது கடன்பட்ட தந்தைக்கு மகள். ஏதோ ஒரு பழிவாங்கலுக்காகவோ பாட்டியின் கடைசி விருப்பத்திற்காகவோ ஓர் ஒப்பந்தத்திற்காகவோ அவன் அவளை மணக்கிறான். பாதிக் கதை வரை அவளை இழிவுபடுத்துகிறான். கையைப் பிடித்து முறுக்குகிறான். அறையில் வைத்துப் பூட்டுகிறான். பிற்பாதியில் அவளே அவனை விரும்பத் தொடங்குகிறாள். அவன் செய்த கொடுமையெல்லாம் காதலின் மிகுதி என்று முடிக்கப்படுகிறது. எல்லாப் புதினங்களும் இவ்வாறல்ல. இல்லற அன்பைப் பண்போடு சொல்வனவும் உண்டு. ஆயினும் மிகுதியாகப் பரவி நிற்பது இவ்வச்சே.

தொல்காப்பியத்தை ஒருமுறை புரட்டியவரும் இதற்குப் பெயர் சொல்லிவிடுவர். ஒருதலையாய் நிற்கும் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாது மிஞ்சி வலிந்து கொள்ளும் காமத்தைப் பெருந்திணை என்றும் வகுத்து, இவ்விரண்டையும் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பாக நிறுத்தினர் முன்னோர். இருவர் உள்ளமும் ஒத்தவிடத்தே காதல் என்று கண்டனர். இன்று விற்பனைக்கு வரும் புதினம் பெருந்திணையை எடுத்து, ஐந்திணை என்று பெயரொட்டிக் கொடுக்கிறது. உரிப்பொருள் தெரியாத மயக்கம் இது. கணவன் கையால் அடிபட்டு வரும் பெண்ணிடம், ‘அன்பிருக்கப் போய்த்தானே அடிக்கிறான்’ என்று சொல்லும் அக்கம்பக்கத்தார் வாய்ச்சொல்லுக்கு இப்புதினங்கள் அச்சு வடிவம் தருகின்றன. தீங்கு இங்கேதான் உள்ளது.

அடுத்து மொழியைக் காண்க. கதைத்தலைவனுக்கும் தலைவிக்கும் தமிழ்ப்பெயர் அமைவது அருகிவிட்டது. வடவெழுத்து இரண்டேனும் கலவாத பெயர் காதலுக்கு ஒவ்வாதென்பது எழுதாச் சட்டம் போலும்! அவன் வாய் திறந்தால் பாதி ஆங்கிலம். அவள் அழும்போது மட்டும் தமிழ் வருகிறது. செல்வத்திற்கும் செருக்கிற்கும் ஆங்கிலம், ஏழைமைக்கும் கண்ணீருக்கும் தமிழ் என்று மொழிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருப்பதை எழுதுவோரும் உணர்வதில்லை, படிப்போரும் உணர்வதில்லை. உணராமலே உள்ளத்தில் இறங்கும் பாடம் இது.

இனி நிலத்துக்கு வருக. அகப்பொருளின் முதற்பொருள் நிலமும் பொழுதும். அவற்றின்மேல் அந்நிலத்து மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருளாய் நிற்கும். அவற்றின் நடுவே காதல் நிகழும். ஆளின் பெயரைச் சொல்லாத அகப்பாட்டு, நிலத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. இக்காலப் புதினமோ ஆளுக்குப் பகட்டான பெயர் சூட்டிவிட்டு நிலத்தை விட்டுவிடுகிறது. அதன் காதலர் சென்னையின் கண்ணாடி மாளிகைக்கும் கோடைக்கானல் தங்குமனைக்கும் இடையே பறக்கின்றனர். மண் அவர் காலில் ஒட்டுவதில்லை.

சேலம் நாமக்கல் சமவெளியில் காதலுக்கு நிலமில்லையா? திருச்செங்கோட்டுப் பக்கத்தினின்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ‘ரிக்’ வண்டிகள் வடநாட்டு மாநிலங்களுக்குப் புறப்படுகின்றன. அவற்றோடு செல்லும் இளைஞர் திரும்பி வரத் திங்கள் பல ஆகும். நாமக்கல்லினின்று சரக்குந்து ஓட்டிச் செல்வோரும் அவ்வாறே. பொருள்வயிற் பிரிவு என்று முன்னோர் பாடியது இதுவன்றோ! காய்ந்த ஊரில் பிறரது நிலத்துக்கு நீர் தேடிப் போனவனின் மனைவி, கைப்பேசியில் அவன் குரலுக்குக் காத்திருக்கிறாள். பாலைத்திணை இங்கே நூலில் மட்டுமன்று, வாசலிலேயே இருக்கிறது. சேகோ ஆலையில் கிழங்கு உரிக்கும் களமும், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் விடியலும், பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்காலும் காதலர் சந்திக்க ஒவ்வாத இடங்களா? காதற்கதை மலிந்த இந்நாளில் இவ்விடங்கள் அவற்றில் இடம்பெறாமைக்குக் கரணியம் யாது?

எழுத்தாளர்க்கு இவ்விடங்கள் தெரியாதென்பதன்று. ஊரைச் சொன்னால் தெருவைச் சொல்ல வேண்டும். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். சாதி தெரிந்துவிட்டால் காதலுக்குத் தடையாய் நிற்பது பாட்டியின் பிடிவாதமோ பழைய பகையோ அன்று என்பதும் தெரிந்துவிடும். ஆகவே ஊரையே அழித்துவிடுதல் வாய்ப்பாகிறது. நிலத்தை மறைத்தலென்பது ஈண்டு நடைக்குறையன்று. உண்மைக்கு அஞ்சி ஒளிதலே.

அவ்வுண்மை எத்தகையது என்பதை இச்சமவெளி மறக்கவியலாது. ஓமலூரைச் சேர்ந்த பொறியியற் பட்டதாரி கோகுல்ராசு, 2015 சூன் 23ஆம் நாள் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வேறு சாதியைச் சேர்ந்த தோழியொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தொடர்வண்டிப் பாதையில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சுத் திங்களில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பதின்மருக்கு வாழ்நாள் தண்டனை விதித்தது. 2023 சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் அவருள் பெரும்பாலோர்க்கு அத்தண்டனையை உறுதி செய்தது. சிவன் தன் உடலில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்து நிற்பதாகச் சொல்லப்படும் மலையில், ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தது கொலைக்குப் போதுமானதாயிற்று.

பழந்தமிழர் உடன்போக்கைப் பாடினர். பெற்றோரறியாது காதலனோடு சென்ற மகளைத் தேடிச் செவிலித்தாய் சுரத்திடை ஓடுகிறாள். எதிர்ப்பட்ட சான்றோர், அவள் சென்றது அறமே என்று ஆறுதல் கூறித் தாயைத் திருப்பி அனுப்புவதைக் கலித்தொகை காட்டுகிறது. தலைவன் தலைவியர்க்குரிய பொருத்தங்களுள் பிறப்பையும் குடிமையையும் தொல்காப்பியர் எண்ணியுள்ளாரே என்பாருளர். எண்ணியதுண்மை, அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஓடிப்போன காதலரைத் துரத்திச் சென்று கொல்வதை அறமென்று கூறும் பாட்டொன்றை அகநூல்களில் காட்ட முடியாது. வழியில் நின்று தாயைத் தேற்றிய அச்சான்றோரின் இடத்தில், இன்று வழிமறிக்கும் கும்பல் நிற்கிறது. காதற் புதினம் எழுதுவோர் கண்ணுக்கு இம்மாற்றம் படவில்லையெனில் அவர் எழுதுவது எவர் காதல்?

கண்ணிற் பட்டு எழுதியவரும் இம்மண்ணிலேயே உளர். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், தான் காதலித்து மணந்த சரோசாவைத் தன் சிற்றூருக்கு அழைத்து வருகிறான். அவள் எந்தச் சாதி என்பதே ஊராரின் ஒரே கேள்வி. தாயின் வாயினின்று நாள்தோறும் வசைமாரி பொழிகிறது. ஊர் ஒதுக்கி வைக்கிறது. புதினத்தில் சாதிப்பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. ஆயினும் பக்கத்துக்குப் பக்கம் சாதியே மூச்சுவிடுகிறது. பாறைமேல் நிற்கும் அக்குடிசையும் அதன்மேல் காயும் வெயிலும் கதைக்குப் பின்புலமல்ல, அவையும் கதைமாந்தரே. சாதி கடந்து மணந்து 2013 சூலையில் மாண்ட தருமபுரி இளவரசனுக்கு அந்நூல் உரிமையாக்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயர்ப்பு, அனைத்துலகப் புக்கர் பரிசின் 2023ஆம் ஆண்டு நீள்பட்டியலில் இடம்பெற்றது; அப்பட்டியலை எட்டிய முதல் தமிழ்ப் புதினம் அதுவே. உலகம் படித்தது. கட்டிலருகே கைப்பேசியில் காதற்கதை தேடும் தறிக்கூடத்துப் பெண்ணின் கைக்கு அது வந்ததா என்பதே கேள்வி.

அவ்வாசிரியர்க்கு இச்சமவெளி செய்த கைம்மாறு யாது? பிள்ளைப்பேறில்லாத கணவன் மனைவியரான காளி, பொன்னா ஆகியோரின் ஆழ்ந்த அன்பைப் பேசும் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்காண்டு கழித்து அதன் படிகள் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டன. 2015 சனவரி 12ஆம் நாள் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சின்பின், எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின்னரே அவர் மீண்டும் எழுத முற்பட்டார். அந்நூலின் கருத்தை ஏற்பாரும் மறுப்பாரும் இருக்கலாம். மறுப்பார்க்கு விடை எழுத எழுதுகோல் உண்டு. தமிழில் எழுதும் ஒருவனைத் தமிழர் கூடி ஊமையாக்கிய நாளில், தமிழ் காக்கக் கிளர்ந்தெழும் குரல்கள் எத்தனை எழுந்தன என்பதைத் தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இங்குத் தனித்தமிழன்பர் சிலர்க்கு ஓர் ஐயம் எழலாம். இத்தகைய புதினங்கள் கொச்சை மொழியில் எழுதப்படுகின்றனவே, அவற்றை எங்ஙனம் போற்றுவது என்பர். கொச்சை வேறு, வட்டார வழக்கு வேறு. இச்சமவெளியின் முதியவள் விழாவை ‘நோம்பி’ என்கிறாள். நோன்பு என்னும் தூய சொல் அதனுள் வாழ்கிறது. விருந்தினரை ‘ஒறம்பரை’ என்கிறாள். உறவு என்னும் வேர் அதில் தெரிகிறது. வேலிகட்கு இடைப்பட்ட வழியை ‘இட்டேரி’ என்றும், காட்டிடை வீட்டைச் ‘சாளை’ என்றும் வழங்குகிறாள். இவற்றுக்கு ஈடான சொற்கள் நகரத்து எழுத்தாளரிடம் இல்லை. மொழிஞாயிறு பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். நூல் வழக்கில் இல்லாத பல சொற்கள் உலக வழக்கில் உள்ளன என்பது அவர் வற்புறுத்திய உண்மை. பெருமாள்முருகனே 2000ஆம் ஆண்டில் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தார். அவருக்கு முன்னே, 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்கு மக்களின் பேச்சைப் புதினத்திற்குள் கொணர்ந்தது. மக்கள் வாயிலுள்ள தமிழைக் கொச்சையெனத் தள்ளிவிட்டால், அவ்விடத்தை நிரப்பவிருப்பது செந்தமிழன்று; ஆங்கிலமே.

மற்றுமோர் ஐயம். காதற்கதை எழுதுவது இழிந்த செயல், மொழித் தொண்டர்க்கு ஒவ்வாதது என்று கருதுவோருளர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளே ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்னும் காதற் புதினத்தைக் கடித வடிவில் எழுதினார் என்பதை அவர்கள் நினைக்க வேண்டும். அதற்கு முன்பே ஆங்கிலக் கதையொன்றைத் தழுவிக் ‘குமுதவல்லி’யை எழுதினார். கடலனைய சைவநூற் புலமையும் மொழியாராய்ச்சியும் உடைய அவர்க்குக் காதற்கதை இழிவாகத் தோன்றவில்லை. நல்ல தமிழ் மக்கள் உள்ளத்தில் இறங்க அதுவும் ஒரு வழி என்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்னர் வந்த பேராசிரியர் மு. வரதராசனார் அவ்வழியை அகலமாக்கினார். 1946இல் வந்த ‘செந்தாமரை’ தொடங்கி அவர் எழுதிய புதினங்கள், எளிய நல்ல தமிழில் காதலையும் இல்லறத்தையும் பேசின. அவற்றுள் ‘அகல் விளக்கு’ 1961ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசினைப் பெற்றது. அவர்தம் கதைமாந்தர் பேசுவதினும் அறவுரை கூறுவது மிகுதி என்பது குறையே. ஆயினும் ஒரு தலைமுறை இளைஞரும் பெண்களும் அந்நூல்களை மணப்பரிசாகக் கொடுத்துப் பெற்றுப் படித்தனர். தமிழ்ப் பெயர் காதலுக்கு ஒவ்வாது என்னும் எண்ணம் அன்று எவர்க்கும் தோன்றவில்லை. அவ்விடம் வெற்றிடமான பின்னரே கண்ணாடி மாளிகைக் காதலர் குடியேறினர்.

ஆகவே செய்யத்தக்கது வசையன்று. படிப்பவளின் கையினின்று நூலைப் பறித்தல் எளிது. அதனினும் நல்லதொன்றை அக்கையில் வைத்தல் அரிது. அவ்வரிய செயலே இன்றைய தேவை. சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள தமிழ் மன்றங்கள், பாட்டரங்கும் பட்டிமன்றமும் நடத்துவதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கொரு முறையேனும் இம்மண்ணின் காதற்கதை எழுத இளையோரை, குறிப்பாகப் பெண்களை, அழைக்கலாம். கிளை நூலகங்களில் பெண்கள் கூடிப் படித்துப் பேசும் மாலைப்பொழுதுகளை அமைக்கலாம். கைப்பேசிச் செயலியை இகழ்ந்து ஒதுங்காமல், அதிலேயே நல்ல தமிழில் தொடர்கதை எழுத முன்வரலாம். ‘இக்கதை எந்த ஊரில் நடக்கிறது? அவ்வூரில் இவர்கள் எந்தத் தெருவில் வாழ்வர்? அவள் விரும்பினாளா?’ என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை ஒவ்வொரு படிப்பாளரும் கைக்கொண்டாலே எழுத்தாளர் திருந்தத் தொடங்குவர்.

தறிக்கூடத்துப் பெண் இன்றிரவும் படிப்பாள். அவள் படிக்கும் கதையில் காவிரிக்கரையும் கரட்டு நிலமும், அவள் பாட்டியின் சொற்களும், அவளை அடிக்காத ஒருவனும், அவனையும் அவளையும் கொல்லத் துணியாத ஓர் ஊரும் இருத்தல் வேண்டும். அத்தகைய ஊர் இன்னும் பிறக்கவில்லையெனில், பிறக்காமைக்குக் கரணியத்தையேனும் அக்கதை அஞ்சாது சொல்லுதல் வேண்டும். அகத்திணை பாடிய மொழிக்கு அதனிற் குறைந்த எதுவும் பெருமையாகாது.